ஐந்து சீட்டா, ஏழு சீட்டா

பெட்ரோல் பங்க்கில் அவளுக்கு ஜீரோ அக்கா என்று பெயர். வண்டி வந்து நின்றதும் மீட்டரைக் காட்டி, "ஜீரோ பாத்துக்கங்க" என்பாள். எல்லாப் பங்க்கிலும்தான் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு அது வாயில் தானாக வருகிற ஒரு சொல். இவள் மட்டும் ஆள் திரும்பி மீட்டரைப் பார்க்கிற வரைக்கும் குழாயைத் தொடமாட்டாள். காதில் போனை வைத்துக்கொண்டு "ம், போடு போடு" என்கிறவர்களிடமும், "பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று நிற்பாள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவைத்த புண்ணியவானுக்கே இவளிடம் பெட்ரோல் போட வந்தால் கொஞ்சம் அலுப்பாக இருந்திருக்கும்.

இப்படி இருபத்தாறு வருஷம். வயது ஐம்பத்தேழு. நின்று நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்தது, மூன்று முறையும் வாசலோடு திரும்பிப் போயிற்று. அதில் அவளுக்கே பெரிய வருத்தம் கிடையாது. நாம் ஏன் மூக்கைச் சிந்தவேண்டும்? அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பதினாறு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை, இந்த மாதிரி அக்காமார்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் இவளும் செய்தாள்.

தம்பி இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. மனைவி, பத்தாவது படிக்கிற மகன், ஆறாவது படிக்கிற மகள். இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு. அக்காவுக்கு ஹாலில், துணி தேய்க்கிற மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கட்டில். வீட்டில் அவளைப் பற்றி ஒரே ஒரு சட்டம் இருந்தது. பங்க்கில் போடுகிற ஷூவும் கோட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. படிக்கட்டுத் திருப்பத்திலேயே கழற்றிவைக்க வேண்டும். சட்டம் போட்டவள் தம்பி மனைவி. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, பெட்ரோல் வாசனை பிள்ளைங்களுக்கு ஒத்துக்கல" என்றாள். குளித்துவிட்டு வந்தாலும் சின்னவள், "பெட்ரோல் அத்தை வந்தாச்சு" என்று மூக்கைப் பொத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது?

தம்பிக்குப் பதவி உயர்வு வந்தது. எழுபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் கிளை அலுவலகம், அங்கேயே மூன்று படுக்கையறை உள்ள வீடு. வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் சுற்றுகிற வேலை. பழைய கார் அதற்குள் பாதி வழியில் நிற்கிற கார் ஆகியிருந்தது. புதிதாக ஒரு எஸ்.யூ.வி. எடுப்பது என்று முடிவாயிற்று. எதை எடுப்பது என்பதுதான் முடிவாகவில்லை. குடை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன் அவன்.

ஒரே கம்பெனி, ஒரே உடம்பு, இரண்டு வண்டி. ஒன்று ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மின்சார மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார் இழுக்கும், வேகம் எடுத்தால் எஞ்சின் கைகொடுக்கும், பிரேக் பிடிக்கிறபோது பேட்டரி தானே ஏறிக்கொள்ளும். லிட்டருக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் என்று விளம்பரம் சொன்னது. ஆனால் பேட்டரி பின்னால் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஐந்து சீட்டுத்தான். இன்னொன்று வெறும் பெட்ரோல். லிட்டருக்குப் பன்னிரண்டு தாண்டாது. அதற்குப் பதில் கடைசியில் இன்னொரு வரிசை, ஆக ஏழு சீட்டு. ஹைபிரிட்டுக்கு விலை கூட. விளம்பரம் சொல்கிற மைலேஜ் உண்மையானால் நாலு வருஷத்தில் அந்தக் கூடுதல் விலை திரும்பிவிடும். உண்மையில்லை என்றால் தலையில் துண்டு.

"விளம்பரத்துல சோப்புக் கட்டி கூடத்தான் பாடுது" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தம்பி சொன்னான். "ஏன்க்கா, உன் பங்க்குக்கு இந்த ஹைபிரிட் வருதா?"

"வருது. வாரத்துக்கு ஏழெட்டு வண்டி."

"உண்மையில எவ்வளவு தருதுன்னு பாத்துச் சொல்லேன். நீ சொன்னா நான் கண்ணை மூடிட்டு எடுத்துடுவேன்."

அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவள் இரண்டாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பித்தது. ஹைபிரிட் வந்தால், "மைலேஜ் எப்படி சார்?" என்று மற்றவர்கள் கேட்பதைப்போல அவள் கேட்கவில்லை. மனுஷன் வயதைக் குறைத்துச் சொல்வான், மைலேஜைக் கூட்டிச் சொல்வான். அந்த வாயெல்லாம் அவளிடம் செல்லாது. குழாய் டக்கென்று தானாக நிற்கிற வரைக்கும் டேங்க்கை நிரப்புவாள். அதற்குமேல் ஒரு சொட்டும் திணிக்கமாட்டாள். வண்டி ஓடியிருக்கிற கிலோமீட்டரைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சட்டைப்பை நோட்டில் குறிப்பாள். அடுத்த முறை அதே வண்டி வரும்போது மறுபடியும் டக்கென்று நிற்கிற வரைக்கும் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது, நடுவில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்துப் பார்ப்பாள். ஒன்பது வண்டி, இரண்டு மாதம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருத்தி, டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், நெடுஞ்சாலையில் தினம் போய்வருகிற பல் டாக்டர் ஒருவர் என்று எல்லோருக்கும் தனித்தனிப் பக்கம். பல் டாக்டர் அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரனே இவ்வளவு பாக்க மாட்டான்மா" என்று சிரித்தார். விடுமுறை நாளில்கூட ஒருமுறை பங்க்குக்குப் போய்வந்தாள், தலைமையாசிரியை அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள் என்பதற்காக.

ஊருக்குள் ஓடுகிற வண்டிகள் இருபத்தொன்று கொடுத்தன. நெடுஞ்சாலையில் ஓடுகிற பல் டாக்டர் வண்டி பத்தொன்பது. விளம்பரத்துக்கு ரொம்பத் தூரமில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஷோரூமுக்குப் போனார்கள். "அண்ணி, நீங்களும் வாங்க, வண்டி விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று தம்பி மனைவி கூப்பிட்டாள். கண்ணாடிக் கட்டடம், வழுக்குகிற தரை, கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரன். ஹைபிரிட்டை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு ஜன்னலையும் பிடித்துக்கொள்ள, அவள் நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இத்தனை வருஷம் பெட்ரோலோடு வாழ்ந்தவளுக்கு, பெட்ரோல் குடிக்காமலே ஒரு வண்டி நகர்வது மாயம்போல இருந்தது. சின்னவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

இறங்கியதும் விற்பனைக்காரன் கேட்டான். "ஃபேமிலில எத்தனை பேர் சார்?"

"அஞ்சு பேர்" என்றான் தம்பி, யோசிக்காமல்.

அவள் மனசுக்குள் எண்ணினாள். தம்பி ஒன்று, அவன் மனைவி இரண்டு, பையன் மூன்று, சின்னவள் நாலு. ஐந்தாவது ஆள் என்று சொல்ல அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டயரைக் குனிந்து பார்க்கிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்கவே வாய் வராமல் மாதக்கணக்கில் அவளை அரித்த கேள்வி அதுதான், புது வீட்டுக்கு நம்மையும் கூட்டிப்போவார்களா என்பது. பதில் வந்துவிட்டது, அதுவும் மூன்றாவது மனுஷன் முன்னால்.

மறுநாள் காலையில் பங்க் மேனேஜரிடம் போய், இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்றாள்.

"என்னக்கா திடீர்னு?"

"தம்பியோட போறேன். அவன் விடமாட்டேங்கறான்."

தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள், மைலேஜ் சொல்கிறவர்கள் மாதிரி. மேனேஜர் வருத்தப்பட்டார், அந்த வாரமே அவள் இடத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கும் எடுத்தார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீடு வந்தாள். படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினாள். முழங்கால் மடங்காததால் அது எப்போதும் நேரம் பிடிக்கிற வேலை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, சாப்பாட்டுக்கு வந்திருந்த தம்பி குரலும் அவன் மனைவி குரலும் கேட்டன.

"எங்கம்மா வர்றது வர்றதுதான். அந்த மூணாவது ரூம் அவங்களுக்கு" என்றாள் மனைவி.

"அப்போ அக்கா?"

"நான் வேண்டாம்னா சொன்னேன்? அஞ்சு சீட்டுல ஆறு பேர் எப்படி உக்கார முடியும்? நாம வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். வண்டியே சொல்லிடும்."

தம்பி நல்லவன் அல்லவா, யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்.

"மைலேஜ் சரியா வந்துதுன்னா ஹைபிரிட்டே எடுத்துடலாம். அக்காவே கணக்குப் பாத்துட்டு வர்றா. அவ வாயாலயே சொல்லிட்டா அவளுக்கும் மனக்கஷ்டம் இருக்காது."

பாம்பும் சாகக்கூடாது, கம்பும் ஒடியக்கூடாது என்பார்கள். இங்கே பாம்பிடமே கம்பைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஷோரூமில் சொன்ன ஐந்தாவது ஆள் தம்பியின் மாமியார் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அந்த ஆள் அன்றைக்கு அங்கே வரக்கூட இல்லை, வராமலே அந்த ஆளுக்கு இடம் இருந்தது. இரண்டாவது ஷூவின் நாடாவில் சிக்கு விழுந்திருந்தது. அதை அவிழ்த்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, வேண்டுமென்றே இருமிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே தம்பி கேட்டான். "என்னக்கா, கணக்கு முடிஞ்சுதா?"

அவன் மனைவி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

யாருக்கும் ஒரு சொட்டு குறைத்து ஊற்றாதவள். ஒருமுறை மீட்டரில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தபோது, மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அரை நாள் அந்தக் குழாயையே மூடவைத்தவள். அவள் சட்டைப்பையில் நோட்டு இருந்தது. அதை எடுக்காமலே சொன்னாள்.

"பதினாலுதான்டா தருது."

"பதினாலா? இருபத்துமூணுன்னு அடிச்சுச் சொன்னானே."

"ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னு போறவங்களுக்கு இருபது வரும். பிரேக் பிடிச்சாத்தானே பேட்டரி ஏறும்? நீ போகப்போறது நெடுஞ்சாலை. அங்க அந்த மோட்டாருக்கு வேலையே இல்லை. பதினாலு தாண்டல."

முதல் பாதி உண்மை. பொய் சொல்லத் தெரியாதவள் என்று யார் சொன்னது? முதல் பொய்யையே தொழில்காரி மாதிரி உண்மையில் கலந்து ஊற்றினாள்.

"பாத்தியா" என்று தம்பி மனைவி பக்கம் திரும்பினான். "நல்லவேளை. அக்கா அளந்தா அளந்ததுதான். பேசாம ஏழு சீட்டே எடுத்துடலாம்."

மனைவி கீரைத் தண்டைச் சற்று வேகமாக ஒடித்தாள்.

ஏழு சீட்டு வண்டி வந்தது. கடைசி வரிசை என்பது பேருக்குத்தான் சீட்டு. உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும், தலை கூரையில் இடிக்கும். வண்டி வந்த அன்று அவள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். தம்பி மனைவி ஒரு துண்டைக் கொண்டுவந்து, "புது சீட்டு, அழுக்காயிடும்" என்று விரித்த பிறகுதான். முழங்கால் வலி உயிர் போயிற்று. அவளுக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்தது. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை எடுத்துத் தூசு தட்டி, துணிகளை மடித்து வைத்தாள். தூக்கத்தில் மட்டும் சில நாள் அந்தப் பதினாலு வந்து பயமுறுத்தியது. ஒரு எண்தானே, யாரையும் கொன்றுவிடவில்லையே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புது வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. பங்க்கில் அவளுக்கு அதுதான் கடைசி ஷிப்ட். புதிதாக வந்த பெண் பக்கத்துக் குழாயில் நின்றாள். தம்பி புது வண்டியைக் கொண்டுவந்து அக்கா முன்னாலேயே நிறுத்தினான். மீட்டரைக் காட்டினாள், அவன் சிரித்துக்கொண்டே பார்த்தான். டேங்க்கை நிரப்பத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, குழாயின் மறுபக்கத்தில் பல் டாக்டரின் ஹைபிரிட் வந்து நின்றது.

வண்டி வாங்கினவனுக்கு வாங்காத வண்டியைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. தம்பி இறங்கி மறுபக்கம் போனான். அவள் கையில் குழாய் இருந்தது. நடுவில் நிறுத்தி ஓடவா முடியும்?

"இதத்தான் சார் முதல்ல எடுக்கறதா இருந்தேன். மைலேஜ் பதினாலுதானாமே, அதான் விட்டுட்டேன்."

"பதினாலா? யார் சொன்னது?" என்றார் டாக்டர். "நான் தினமும் நெடுஞ்சாலைலதான் போய்வர்றேன். பத்தொன்பதுக்குக் கீழ இறங்கினதே இல்லை. சந்தேகமா இருந்தா அந்தம்மாகிட்டக் கேளுங்க, எனக்கே தெரியாத கணக்கெல்லாம் அவங்க நோட்டுல இருக்கு."

குழாய் டக்கென்று நின்றது. புதுப் பெண்ணை டாக்டர் வண்டிக்கு அனுப்பிவிட்டு அவள் மூடியை முறுக்கி மூடினாள். தம்பி காற்றடிக்கிற இடத்துக்கு வண்டியை நகர்த்தி நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டான். பக்கத்தில் போனதும் கையை நீட்டினான். அவள் நோட்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். இருபத்தொன்று. இருபத்தொன்றரை. இருபது. பத்தொன்பது. அவள் கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி முத்துமுத்தாக இருக்கும். ஒரு இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

"எதுக்குக்கா பொய் சொன்ன?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரு வரிதான் இருந்தது: என்னையும் கூட்டிட்டுப் போவேன்னுதான்டா. ஷூ கழற்றும்போது கேட்டதை, ஐந்து பேர் என்றதும் டயரைப் பார்த்து அழுததை, கடைசி வரிசையில் துண்டுமேல் உட்கார்ந்து சந்தோஷப்பட்டதை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வரிதான் வரும். அதைச் சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? பரிதாபப்பட்டு ஏற்றிக்கொள்வான். அல்லது பரிதாபப்பட்டும் ஏற்றிக்கொள்ளமாட்டான். இரண்டாவதைத் தெரிந்துகொண்டு உயிரோடு நடமாட அவளுக்குத் தெம்பில்லை.

அதற்குள் தம்பியே ஒரு காரணம் கண்டுபிடித்தான். காப்பீட்டுக்காரன், யாராவது பொய் சொன்னால் அதில் அவர்களுக்கு என்ன வருமானம் என்று பார்க்கிறது அவன் தொழில்.

"ஹைபிரிட் வந்தா உங்க பங்க்குல வியாபாரம் படுத்துடும். அதைப்பத்தி நாலு பேர்கிட்டக் குறைச்சுச் சொல்லச் சொல்லி முதலாளி ஏதாவது குடுத்தாரா?"

இருபத்தாறு வருஷம் ஒவ்வொருத்தனையும் மீட்டரைப் பார்க்கவைத்தவளிடம், சொந்தத் தம்பி இதைக் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் உண்மையாகவே கேட்கிறான் என்று தெரிந்தது.

"ஆமா" என்றாள்.

"தம்பிகிட்டயேவா அக்கா?"

"ஆமாடா. புத்தி கெட்டுப்போச்சு."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. அவன் முகத்தில் கோபமே இல்லை. தலைச்சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கிவிட்டதுபோல அது தெளிந்துகொண்டு வந்தது. பத்து நாளாக அவன் அக்காவின் பெட்டியைப் பார்க்காமல் ஹாலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு காரணம் தேவையாக இருந்தது. ஏழு சீட்டு வண்டி அதைக் கொடுக்கவில்லை. இப்போது அக்காவே கொடுத்துவிட்டாள்.

"இதுக்கப்புறம் உன்னைக் கூட வெச்சுக்கறது சரியா வருமா, நீயே சொல்லு" என்றான், ரொம்ப மெதுவாக.

"வராதுதான்."

"வாடகை இந்த மாசக் கடைசி வரைக்கும் குடுத்திருக்கு. அதுக்குள்ள நிதானமா ஒரு இடம் பாத்துக்க. அவசரமே இல்லை."

"பாத்துக்கறேன்."

நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான். கிளப்பியவன் மறுபடி நிறுத்தி, ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"கவலைப்படாதக்கா. இந்தக் கமிஷன் விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வீட்டுல அவகிட்டக்கூட."

"உனக்குப் பெரிய மனசுடா" என்றாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அவனை அப்படித்தான் வளர்த்ததாக அவளுக்கு நினைப்பு. அவன் கையசைத்துவிட்டுப் போனான். அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.